ஜெயராஜின் அங்க அடையாளங்கள்

ஹெப்பகோடியில் லைன் வீட்டில் குடியிருந்த கேப் டிரைவர் ஜெயராஜ், இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் வருஷம் ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறேகால் மணிக்கு, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது பட்டாம்பூச்சியாகிவிட்டார். பிரஷ் தொட்டிக்குள் விழுந்தது. யூனிபார்ம் சட்டையும் பேண்ட்டும் தரையில் குவிந்து கிடந்தன. நீலமாக ஏதோ ஒன்று குளியலறை வென்டிலேட்டர் வழியாக வெளியே போனதை அவருடைய மனைவி பவுலினும், பக்கத்து வீட்டில் பால் காய்ச்சிக்கொண்டிருந்த லட்சுமம்மாவும் பார்த்தார்கள். லைன் வீட்டில் அன்றைக்கு இதைவிடப் பெரிதாகப் பேசப்பட்டது தண்ணீர் டேங்கர் வராததுதான். டேங்கர் மத்தியானம் வந்துவிட்டது. ஜெயராஜ் வரவில்லை.

பவுலின் பொம்மசந்திரா பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் செக்கராக இருந்தாள். தைத்து முடித்த சட்டைகள் தையல் மிஷின் லைனின் கடைசியில் அவள் மேஜைக்கு வரும். காலர், கை, பட்டன் பட்டி, பாக்கெட் என்று விரலால் தடவிக்கொண்டே வந்து, எங்கே குறை இருக்கிறதோ அங்கே ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி, திருத்தத்துக்குப் போகிற ஆல்டர் பெட்டியில் போட வேண்டும். கோடு போட்ட சட்டை என்றால் பாடு இன்னும் அதிகம். பாக்கெட்டின் கோடு உடம்புத் துணியின் கோட்டோடு ஒரு நூல்கூடப் பிசகாமல் சேர வேண்டும். அதற்கு மேட்சிங் என்று பெயர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை. பதினெட்டு வருஷம் இப்படிப் பார்த்துப் பழகின கண், ஷிப்ட் முடிந்ததும் சும்மா இருக்குமா? ஏப்ரன் பாக்கெட்டில் தங்கிப்போன ஸ்டிக்கர்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்தன. ஒழுகுகிற குழாய்க்கு ஒன்று, சரியாகச் சாத்தாத கதவுக்கு ஒன்று, ஒரு பக்கம் கருகின தோசைக்கு ஒன்று, மகள் விஜியின் கணக்கு நோட்டில் தப்பான விடைக்கு ஒன்று. மீதியெல்லாம் ஜெயராஜுக்கு.

அவர் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை. எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி கேட்டுக்கு வெளியே மணிக்கணக்காக வண்டியில் உட்கார்ந்திருப்பார். வண்டிக்குள் ஆள் இருப்பதே தெரியாது. பின்சீட்டில் ஏறினவர்கள் டிரைவர் இன்னும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு மேனேஜரைத் திட்டின கதைகள் உண்டு. சாப்பாட்டிலும் தொந்தரவு இல்லாதவர். தோல் கறுத்து, கடைக்காரனே தூக்கிப் போடப்போகிற வாழைப்பழம்தான் அவருக்குப் பிடிக்கும். அவரிடம் ஆல்டர் செய்யவே முடியாத குறை ஒன்று இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் சில்க் போர்டு பக்கம் பைக்கிலிருந்து விழுந்து காறை எலும்பு முறிந்ததில், இடது தோள் ஒரு விரல் தாழ்ந்து போயிருந்தது. எந்தச் சட்டை போட்டாலும் இடப்பக்கம் இறங்கித் தொங்கும். "நேரா நில்லுங்க" என்று பவுலின் இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் ஒரு தடவையாவது சொல்லிவந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நைட் டியூட்டி முடித்து வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் பல் துலக்கிக்கொண்டிருந்தார். பாக்கெட் ஓரம் தையல் விட்டிருந்தது. பவுலின் போகிற போக்கில் அதில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டினாள். ஜெயராஜ் குனிந்து அந்த அம்புக்குறியைப் பார்த்தார். வாயில் நுரையோடு, கோபமே இல்லாமல் கேட்டார்: "எங்கிட்ட சரியா இருக்கறது ஒண்ணே ஒண்ணு சொல்லேன், பவுலின்."

கம்பெனி பஸ் ஆறரைக்கு. பவுலின் டிபன் பாக்ஸ் மூடியைத் தேடிக்கொண்டே, "நேரமாச்சுங்க" என்றாள். மூடி கிடைத்துத் திரும்பியபோது வென்டிலேட்டரில் அந்த நீலம் மட்டும் தெரிந்தது. ஸ்டிக்கர் சட்டையோடேயே தரையில் இருந்தது.

மூன்றாம் நாள் போலீஸில் புகார் கொடுத்தாள். கான்ஸ்டபிள் நாகேஷ் நல்ல மனுஷர். மனைவியிடம் சொல்லாமல் மலைக்குப் போனவர்கள், சீட்டுப் பிடித்துவிட்டு ஓடினவர்கள் என்று எத்தனையோ பேரை எழுதின கை அது. "ஆள் மிஸ்ஸிங்னா அங்க அடையாளம் பேகும்மா, கண்டிப்பா வேணும், அது இல்லாம எப்படித் தேடறது?" என்றார். பவுலின் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். இறக்கை விரித்தால் தன் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் அகலம். மேல்பக்கம் கரு நீலம். முன் இறக்கையில் குறுக்கே வெளிர் நீலத்தில் அகலமாக ஒரு பட்டை, அதற்கு அப்பால் நுனிவரை கறுப்பு, அந்தக் கறுப்பில் வெள்ளையாக ஒரு சின்னப் புள்ளி. நாகேஷ் எல்லாவற்றையும் எழுதிவிட்டு, அடிப்பக்கம் எப்படி இருந்தது என்று கேட்டார். பறந்து போகிறபோது மேல்பக்கம்தான் தெரிந்தது என்றாள். அடிப்பக்கம் என்ற இடத்தில் அவர் ஒரு கோடு போட்டு விட்டுவைத்தார்.

அன்றிலிருந்து பவுலின் வீட்டுக்கு ஸ்டிக்கர் கொண்டுவருவதை நிறுத்தினாள். ஜன்னலில் தொட்டி வைத்து ரோஜாவும் செவ்வந்தியும் வளர்த்தாள். பட்டாம்பூச்சி பூவுக்கு வரும் என்பது யாருக்கும் தெரிந்ததுதானே. மஞ்சள் பட்டாம்பூச்சி வந்தது, வெள்ளை வந்தது, எலுமிச்சை மரத்துக்குப் பக்கத்தில் கறுப்பு வந்தது. நீலம் வரவில்லை. கொரோனா வந்து கார்மென்ட்ஸை மூடினபோது அவள் நாள் முழுக்க ஜன்னலடியில் உட்கார்ந்து பார்த்தாள். அப்பா தன்னிடம்கூடச் சொல்லாமல் போய்விட்டாரே என்று விஜி முதல் வருஷம் அழுதாள். இரண்டாவது வருஷம் அழுகையை நிறுத்திவிட்டு பி.காம். முடித்தாள்.

எதிரே இருந்த பி.ஜி. ஹாஸ்டலில் தங்கி ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்த ஷில்பா என்ற பெண், சனி ஞாயிறுகளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு பட்டாம்பூச்சி படம் எடுக்கப் போகிறவள். அந்தக் கொரோனா வருஷ மழையில் ஒருநாள் குடை மறந்து லைன் வீட்டில் ஒதுங்கியபோது பவுலினின் கதையைக் கேட்டாள். அங்க அடையாளங்களைச் சொன்னதுமே அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. இதை ஆங்கிலத்தில் புளூ ஓக்லீஃப் என்பார்கள் என்றாள். ஓக் மரத்தை ஹெப்பகோடியில் எவரும் பார்த்ததில்லை என்பதால் லைன் வீட்டில் அதைக் காய்ந்த இலை என்றே சொன்னார்கள். அது குடகிலும் ஆகும்பேயிலும் மழைக்காட்டுக்குள் இருக்கிற ஜாதி. இறக்கையை மூடிவிட்டால் சருகுதான்: அதே பழுப்பு, நடுவில் நரம்புபோல ஒரு கோடு, பூஞ்சை பிடித்தது மாதிரி புள்ளிகள், பூச்சி அரித்தது மாதிரி ஓட்டை, கீழே வால்கூடக் காம்புபோல் கிளையைத் தொட்டுக்கொண்டிருக்கும். பெண் என்றால் முன் இறக்கையின் நுனி இன்னும் கூராக நீண்டிருக்கும். மேல்பக்கம் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அடிப்பக்கம்தான் ஒன்றுக்கு இருப்பதுபோல் இன்னொன்றுக்கு இருக்காது.

"அப்புறம் ஆன்ட்டி, இது பூவுக்கெல்லாம் வராது. அழுகுன பழம், மரத்துப் பால், அதுதான் இதுக்கு ஊட்டா, சாப்பாடு" என்றாள்.

பவுலின் ரோஜாத் தொட்டியைப் பார்த்தாள். பூ வைத்து யாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம் என்று வெட்கமாக இருந்தது. மறுநாளே கறுத்த வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கி, வீட்டுக்குப் பின்னால் இருந்த பலா மரத்தில் கட்டித் தொங்கவிட்டாள். நான்காம் நாள், ஒரு சருகு மரத்தில் கீழிருந்து மேலாக ஏறி பழத்தை அடைந்தது. அவர்தான் என்று பவுலின் நினைத்துக்கொண்டாள்.

ஆனால் அடுத்த மழைக்கு அந்த மரத்தில் ஏழு வந்தன. அதற்கடுத்த வருஷம் பத்தொன்பது. இரண்டாயிரத்து இருபத்துமூன்றில் எண்ணிக்கை நாற்பதைத் தொட்டது. ஷில்பா தன் குழுவுக்கு எழுதிப் போட்டாள். ஹெப்பகோடியில் இந்த ஜாதி இருக்கவே முடியாது என்று அவர்கள் பதில் அனுப்பினார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். எப்படியோ செய்தி பரவி, சந்தாபுராவிலிருந்தும் ஆனேக்கல்லிலிருந்தும் பெண்கள் வந்து தங்கள் தங்கள் ஆளைத் தேடினார்கள். ஒருத்தி கூப்பிட்டதும் ஒன்று அவள் கொண்டையில் வந்து உட்கார்ந்தது. அப்படியே பஸ் ஏறிப் போனாள். அத்திபெலேயிலிருந்து வந்தவள் அவசரத்தில் நிஜமான பலா இலையையே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அது இன்றைக்கும் அவள் வீட்டில் ஒரு குறையும் சொல்லாமல் இருக்கிறது என்று கேள்வி.

பவுலின் மட்டும் யாரையும் கூப்பிடவில்லை. நீங்கள்தானா என்று தப்பான ஒன்றிடம் கேட்டுவிட்டால், சரியானது அதைப் பார்த்துக்கொண்டிருக்குமே என்று பயந்தாள். ஒரு நாளைக்கு நூறு நூறு சட்டையாகப் பார்த்த கண்ணுக்கு, கூடவே இருந்த மனுஷனின் அடிப்பக்கம் தெரியவில்லை. பழத்தைக் கட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுவாள்.

இருபத்துநான்காம் வருஷம் விஜிக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை கிளெமென்ட் சிவாஜிநகர்க்காரன், ஸ்கூல் வாத்தியார். அவன் அம்மா பிரிஜெட் நேர்படப் பேசுகிறவள், கெட்டவள் இல்லை. வரதட்சணைப் பேச்சு எடுக்கவில்லை, நகைப் பேச்சு எடுக்கவில்லை. ஓலைப் பேச்சு ஒன்றைத்தான் எடுத்தாள்.

பவுலின் குடும்பம் போகிற கத்தோலிக்கக் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஃபாதர் பீடத்திலிருந்து படிப்பார். தகப்பன் உயிரோடு இல்லை என்றால் பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று சேர்ப்பது வழக்கம். "சேர்க்கணுமா வேண்டாமா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சம்மந்தி. அஞ்சு வருஷமாச்சு. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஒரு பூசை வெச்சு, காலஞ்சென்றன்னு போட்டுட்டா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க" என்றாள் பிரிஜெட்.

இதில் பவுலினுக்கு இருந்த பயம் வேறு. அந்தக் கோயிலில் வாசிக்கப்பட்டது எதுவும் பொய்யாகப் போனது கிடையாது. ஒருமுறை, ஓலையை எழுதிக் கொடுக்கிற உபதேசியார் தப்பாக எழுதியதில், ஹுஸ்கூரில் இருந்த ஒரு டெய்லரை ஓசூர்க்காரர் என்று வாசித்துவிட்டார்கள்; அந்த மாதக் கடைசிக்குள் அவர் கடை கண்ணி, மிஷின், மாமியார் எல்லாவற்றோடும் ஓசூருக்குப் போய்ச் சேர்ந்தார், ஏன் என்று அவருக்கே தெரியாது. காலஞ்சென்ற ஜெயராஜ் என்று பீடத்திலிருந்து ஒருதரம் படித்துவிட்டால் மரத்தில் இருக்கிற நாற்பதில் ஒன்று கீழே விழும். அது எது என்றுகூடத் தனக்குத் தெரியாமல் போகும்.

ஃபாதரிடம் போய் நின்றாள். அவர் நிதானமாகக் கேட்டார். உயிரோடு இருக்கிறார் என்று நீங்கள் நம்பினால் மட்டும் போதாது, இவர்தான் என்று உங்களால் காட்ட முடிய வேண்டும், ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிப் பூசைக்குள் சொல்லுங்கள் என்றார். தப்பான ஒருவரை அப்பா என்று வாசித்தால் அதுவும் பலித்துவிடும் என்பதையும் ஞாபகப்படுத்தினார். வேறொரு வீட்டு மனுஷர் விஜிக்கு அப்பாவாகி நிற்பார்.

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டாள். மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பலா மரத்தடியில் ஸ்டூலைப் போட்டு, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அதைக் கட்டினால்தான் அவள் கண் வேலைசெய்யும். முதலில் நிஜ இலைகளைக் கழித்தாள். அது சுலபமாக இருந்தது. சருகில் நடு நரம்பு காம்பிலிருந்து நுனிவரை ஒரே துணி. பட்டாம்பூச்சியில் அந்தக் கோடு முன் இறக்கையில் பாதி, பின் இறக்கையில் பாதி; இரண்டு துண்டை ஒட்டுப்போட்டுக் கோட்டைச் சேர்த்திருக்கிறது. மேட்சிங். இருபத்துமூன்று வருஷமாக அவள் பார்த்துவருவது அதைத்தான். நுனி நீண்ட பெண்களை அடுத்ததாக விலக்கினாள். மிச்சம் இருபத்தாறு.

ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சில்வர் பழுப்பு, செங்கல் பழுப்பு, காபிக் கறை, பாசி படிந்தது, மூன்று ஓட்டை உள்ளது, ஓட்டையே இல்லாதது. எல்லாவற்றிலும் கோடு முன் இறக்கையிலிருந்து பின் இறக்கைக்கு நூல் பிசகாமல் இறங்கியது. கடவுள் வீட்டுச் செக்கர் கண்டிப்பான ஆள்தான் என்று நினைத்துக்கொண்டாள். பத்தைத் தாண்டினாள், இருபதைத் தாண்டினாள். எதுவும் ஜெயராஜாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவர் முகத்தை நினைத்துப் பார்த்தாள், வந்தது. கண்ணை நினைத்துப் பார்த்தாள். அது என்ன நிறம் என்று நிச்சயமில்லை. அப்போதுதான் அழுதாள். ஐந்து வருஷத்தில் அவள் அழுதது அதுதான் முதல் தடவை.

இருபத்துநான்காவது, பழத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை. மற்றவையெல்லாம் தின்றுவிட்டு நகரட்டும் என்று காத்திருப்பதுபோல், தண்டில் தனியாக, இருக்கிற இடம் தெரியாமல் உட்கார்ந்திருந்தது. பவுலின் அழுதுகொண்டே வலப்பக்கம் பார்த்தாள். கோடு சரியாக இறங்கியது. ஸ்டூலை நகர்த்தி இடப்பக்கம் வந்தாள். இடது முன் இறக்கை ஒரு நூல் தாழ்ந்திருந்தது. கோடு பாதியில் உடைந்து, ஒரு படி இறங்கி, அங்கிருந்து மறுபடி தொடங்கியது. மேட்சிங் போய்விட்டது. எந்த லைனில் வந்தாலும் ஆல்டர் பெட்டிக்குப் போகிற பீஸ்.

அவள் கை பழக்கத்தில் ஏப்ரன் பாக்கெட்டுக்குள் போனது. வேலையிலிருந்து ஏப்ரனை அப்படியே கொண்டுவந்ததில் உள்ளே ஸ்டிக்கர் தங்கியிருந்தது. கையை வெறுமனே வெளியே எடுத்தாள். எடுத்து, மரத்தில் வைத்தாள், விரல் நுனி அந்த இறக்கையைத் தொடாத தூரத்தில்.

"என்னங்க" என்றாள். "அன்னைக்குக் கேட்டீங்க இல்ல. இந்தத் தோள்தாங்க. இது சரியா இருக்கு."

சருகு கொஞ்ச நேரம் சருகாகவே இருந்தது. பிறகு அவள் விரலில் ஏறி, இறக்கையைத் திறந்தது. கரு நீலம், வெளிர் நீலப் பட்டை, கறுப்பு நுனி, ஒரு வெள்ளைப் புள்ளி. எல்லாம் நாகேஷ் எழுதி வைத்தபடியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஏழரை மணிக்கு பவுலின் தோளில் ஒரு காய்ந்த இலையோடு ஃபாதரின் அறைக்குப் போனாள். ஃபாதர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இடப்பக்கமாக வந்து பார்த்தார். "நல்லா இருக்கீங்களா, ஜெயராஜ்?" என்று விசாரித்தார். ஐந்து வருஷமாகப் பாவசங்கீர்த்தனத்துக்கு வராததைக் கொஞ்சம் கடிந்துகொண்டார். எட்டு மணிப் பூசையில், ஹெப்பகோடி ஜெயராஜ், பவுலின் ஆகியோரின் மகள் என்று வாசித்தார். மூன்று ஞாயிறும் அப்படியே வாசிக்கப்பட்டது. யாரும் தடை சொல்லவில்லை. நாகேஷும் தன் புகாரில் அடிப்பக்கம் என்ற இடத்தை நிரப்பி, ஆள் கிடைத்துவிட்டார் என்று எழுதி மூடினார்.

அக்டோபரில் கல்யாணம். விஜி வெள்ளைச் சேலையும் முக்காடுமாக நடந்து வந்தபோது, அவள் தோளில் ஒரு சருகு ஒட்டியிருப்பதைப் பார்த்து பிரிஜெட் எட்டிப் பறிக்கப் போனாள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். விஜி மெதுவாக, "விடுங்க அத்தை, அப்பா" என்றாள். பிரிஜெட் கையை இழுத்துக்கொண்டு, முந்தானையைச் சரிசெய்து, "வாங்கண்ணா" என்றாள். பீடத்துக்கு முன்னால் மகளின் கையைப் பிடித்துக் கொடுக்கிற நேரத்தில் ஜெயராஜ் ஒரே ஒருதரம் இறக்கையை விரித்தார். போட்டோகிராபர் அப்போது லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தார். இன்னொரு தரம் விரிக்கச் சொல்லிக் கேட்டதற்கு அவர் விரிக்கவில்லை. படம் என்றாலே கூச்சப்படுகிற சுபாவம் மாறவில்லை.

இப்போதும் மழைக்காலத்தில் வீட்டோடு இருக்கிறார். மழை முடிந்ததும் குடகுப் பக்கம் போய்விட்டு ஜூனில் திரும்பிவிடுகிறார். கேப் ஓட்டின காலத்திலும் வருஷத்தில் அவர் வீட்டில் இருந்தது கூட்டிக் கழித்தால் இவ்வளவுதான் வரும் என்று பவுலின் சொல்கிறாள். பழைய யூனிபார்ம் சட்டையின் பாக்கெட்டை அவளே உட்கார்ந்து தைத்தாள். தைப்பதற்கு முன்னால், ஐந்து வருஷமாக அதிலேயே இருந்த ஸ்டிக்கரை நகத்தால் பெயர்த்து எடுத்தாள்.

கல்யாண ஆல்பம் பார்க்க வருகிறவர்கள், பொண்ணோட அப்பா எங்கே என்று கேட்பது வழக்கமாக இருந்தது. அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி விஜிக்கு அலுத்துவிட்டது. இப்போது யாரும் கேட்பதில்லை. முதல் பக்கத்துப் படத்தில், விஜியின் தோளில் காய்ந்த இலை இருக்கிற இடத்தைக் காட்டி, பசை போய்விட்டதால் கோந்து தடவி, பவுலின் அந்தச் சிவப்பு அம்புக்குறியை ஒட்டி வைத்திருக்கிறாள்.